நகலுக்கு என்ன விலை?

பாவூர்சத்திரத்துக் காய்கறிச் சந்தையில் கத்தரிக்காயின் விலை நேற்று இருந்தது போல் இன்று இராது. ஓணப் பண்டிகை நெருங்கிவிட்டால் கேரளத்து வியாபாரிகள் லாரியோடு வந்து நிற்பார்கள். விலை மளமளவென்று ஏறும். பண்டிகை கழிந்த மறுநாளே இறங்கிவிடும். ஆனால் ஏறினாலும் இறங்கினாலும், விலை இன்னதென்பது சந்தையில் நிற்கும் அத்தனை பேருக்கும் தெரியும். பத்தாயிரம் ரூபாய்க்கு வாங்குகிற மொத்த வியாபாரிக்கும், பத்து ரூபாய்க்கு வாங்குகிற கிழவிக்கும் அந்த விஷயத்தில் பேதமில்லை.

நம் குடும்பங்களில் அநேகர் ஒரு தடவையாவது வாங்க நேரிடும் ஒரு சரக்குக்கு மட்டும் விலை இன்னதென்று எழுதி வைத்திருப்பதை நாம் இதுவரை கண்டதில்லை. ஆஸ்பத்திரியில் நம்மைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்களே, அந்தக் காகிதங்களின் நகல்தான் அது. ஓரிடத்தில் இலவசம் என்கிறார்கள். ஓரிடத்தில் பக்கத்துக்கு இவ்வளவு என்கிறார்கள். இன்னோரிடத்தில் கேட்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள்.

"நோய் குணமாகி வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் காகிதம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். முதலில் அந்தக் காகிதங்களில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவுடனே அவர் பெயரில் ஒரு கேஸ் ஷீட் ஆரம்பமாகிறது. டாக்டர் வந்து பார்த்ததும், அவர் என்ன நினைத்தார் என்பதும், என்ன மருந்து எத்தனை மில்லிகிராம் எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது என்பதும் அதில் ஏறுகின்றன. நர்ஸு அம்மாள் இரவு இரண்டு மணிக்கு எழுந்து வந்து பார்த்த நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் அதில் இருக்கும். ஆபரேஷன் நடந்தால் மயக்க மருந்து கொடுத்தவர் ஒரு குறிப்பு எழுதுவார். கத்தி பிடித்தவர் ஒரு குறிப்பு எழுதுவார். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், சதைப் பரிசோதனை எல்லாவற்றின் முடிவுகளும் அந்தக் கட்டில் சேரும். பத்து நாள் படுத்து எழுந்தவரின் கேஸ் ஷீட் ஐம்பது, அறுபது பக்கத்துக்குக் குறையாது.

வீட்டுக்குப் புறப்படும்போது நம் கையில் கொடுப்பதோ டிஸ்சார்ஜ் சம்மரி என்னும் ஒன்றிரண்டு பக்கம். பள்ளிக்கூடத்து உபாத்தியாயராகிய நமக்கு இதற்கு ஓர் உவமை உடனே தோன்றுகிறது. சம்மரி என்பது மார்க்குப் பட்டியல்; கேஸ் ஷீட் என்பது விடைத்தாள். பையன் கணக்கில் 62 வாங்கினான் என்று பட்டியல் சொல்லும். எந்தக் கணக்கில் எந்த வரியில் வழுக்கினான் என்பதை விடைத்தாள்தான் சொல்லும். அடுத்த வருஷம் அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப்போகும் ஆசிரியருக்கு எது அதிக உபயோகம் என்று வாசகர்களே தீர்மானித்துக் கொள்ளலாம்.

நம்மிடம் படித்த ஒரு மாணவனின் தாயார் வீட்டிலிருந்து பீடி சுற்றுகிறவர். கீழப்பாவூர், ஆலங்குளம் வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அடுப்பு எரிவது இந்தத் தட்டினால்தான். இரண்டரை வருஷத்துக்கு முன் அந்த அம்மாளுக்கு மார்பில் புற்றுநோய் கண்டது. ஒரு பெரிய நகரத்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து, சிவப்பு மருந்து என்று நோயாளிகள் சொல்கிறார்களே, அந்த டாக்ஸோரூபிசினையும் சில தடவை ஏற்றி, குணப்படுத்தி அனுப்பினார்கள். அந்த வைத்தியத்தில் நாம் எவ்விதக் குறையும் சொல்ல மாட்டோம். உயிரை மீட்டுக் கொடுத்தார்கள். அதற்கு அந்தக் குடும்பம் இன்றும் நன்றி பாராட்டுகிறது.

இந்த வருஷம் நோய் மறுபடி தலைகாட்டிற்று. நம் பக்கத்து ஜனங்கள் செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகத் திருவனந்தபுரத்துக்கு வைத்தியத்துக்குப் போவது வழக்கம். இவர்களும் போனார்கள். அங்கே டாக்டர் சம்மரியைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "முன்பு இந்த மருந்து மொத்தம் எவ்வளவு ஏற்றினார்கள்?" சம்மரியில் மருந்தின் பெயர் இருந்தது; அளவு இல்லை.

இது வெறும் நுணுக்கம் அல்ல. டாக்ஸோரூபிசினுக்கு ஒரு குணமுண்டு. உடம்பில் ஏறிய அளவை இதயம் ஆயுள் முழுவதும் ஞாபகம் வைத்துக்கொள்கிறது. உடம்பின் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மில்லிகிராம் வரை என்பது வாழ்நாள் முழுவதற்குமான எல்லையாகச் சாதாரணமாகக் கொள்ளப்படுகிறது. அதைத் தாண்டினால் இதயத் தசை பலவீனப்படும் அபாயம் வேகமாக வளர்கிறது. சிலருக்கு அதற்கு முன்பே பலவீனம் தொடங்கிவிடுவதும் உண்டு. ஆகவே முந்தின கணக்குத் தெரியாமல் அந்த மருந்தைத் தொடமாட்டேன் என்று டாக்டர் சொன்னது முற்றும் சரி.

பையன் பழைய ஆஸ்பத்திரிக்கு ஓடினான். ரிக்கார்டு ரூமில் இருந்தவர், "மூவாயிரம் ரூபாய் கட்டுங்க, பத்து நாள் கழிச்சு வாங்க" என்றார். எதற்கு மூவாயிரம் என்று கேட்டதற்கு, "அதுதான் ரேட்டு" என்று பதில் வந்தது. எழுதிய பட்டியல் ஒன்றும் இல்லை. அந்தத் தாயாருக்கு மூவாயிரம் ரூபாய் என்பது பத்து நாளைக்கு மேற்பட்ட பீடிக் கூலி. அவர் நம்மிடம் வந்து சொன்ன வார்த்தை இது: "சார், வட்டிக்கு வாங்கியாவது கட்டிருதேன். ஆனா அதுக்குள்ள மருந்து ஏத்துற தேதி போயிருமே?"

பணத்தைவிட நாளே அவருக்குப் பெரிதாக இருந்தது. சனிக்கிழமை பள்ளிக்கூடம் விடுமுறையாதலால் நாமும் பையனோடு போனோம். தாயார் கையெழுத்திட்ட ஓர் அதிகாரக் கடிதம், அவருடைய ஆதார் அட்டையின் நகல், ஒரு பக்கத்தில் ஒரு மனு, இவ்வளவுதான் கையில் இருந்தவை. மனுவில் 2002-ஆம் வருஷத்து மருத்துவக் கவுன்ஸில் விதியை மேற்கோள் காட்டியிருந்தோம். மனு பெற்றுக்கொண்டதற்குத் தேதியிட்டு ஒப்புதல் வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டோம். குமாஸ்தா மனுவை இரண்டு தடவை படித்தார், உள்ளே கொண்டுபோனார். சிறிது நேரத்தில் சூப்பரின்டென்டென்டு வந்து, "செவ்வாய்க்கிழமை வாங்கிக்கொள்ளலாம், பக்கத்துக்கு ஐந்து ரூபாய்" என்றார். மொத்தம் 84 பக்கம், 420 ரூபாய். ரசீதும் கிடைத்தது.

நம்மூர் பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் இதே வேலைக்கு 168 ரூபாய்தான் ஆகியிருக்கும். ஆயினும் கட்டைத் தேடி எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை வைத்துக் கொடுத்த உழைப்புக்கு அந்த 420 ரூபாயை நாம் அதிகம் என்று சொல்ல மாட்டோம். மூவாயிரம் எப்படி நானூற்று இருபதாயிற்று என்பதுதான் நமக்கு இன்னும் விளங்கவில்லை.

அந்த 84 பக்கங்களில் எழுபத்தோராம் பக்கம் முக்கியமானது. நான்காம் தடவை மருந்து ஏற்றிய பிறகு எடுத்த எக்கோவில், ரத்தத்தை வெளியே தள்ளும் இதயத்தின் சக்தி குறைந்திருந்ததாகவும், ஆகவே அந்த மருந்தை நிறுத்தி வேறு மருந்துக்கு மாறியதாகவும் அன்றைய டாக்டர் நாலு வரி எழுதியிருந்தார். திருவனந்தபுரத்து டாக்டர் அதைப் படித்துவிட்டு, தாம் முதலில் உத்தேசித்திருந்த வைத்தியத்தை மாற்றிக்கொண்டார். குறித்த தேதியில் வேறு மருந்து ஏற்றப்பட்டது. ஒரு டாக்டர் ஜாக்கிரதையாக எழுதி வைத்ததும், இன்னொரு டாக்டர் ஜாக்கிரதையாகக் கேட்டதும் சேர்ந்து அந்த அம்மாளுக்கு நன்மை செய்தன. இரண்டுக்கும் நடுவில் குறுக்கே நின்றது விலை எழுதாத ஒரு ஜன்னல்.

இனி சட்டம் என்ன சொல்லுகிறது என்பதைக் கவனிப்போம். மேலே சொன்ன 2002-ஆம் வருஷத்து விதிகளின்படி, உள்நோயாளிகளின் குறிப்புகளை வைத்தியம் தொடங்கிய நாளிலிருந்து மூன்று வருஷம் டாக்டர் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ, அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். மறுப்பது தொழில் ஒழுக்கத்துக்கு விரோதம் என்றே அந்த விதிகள் கூறுகின்றன. 2023 ஆகஸ்டு 2-ந் தேதி வெளியான புதிய விதிகள் இந்த 72 மணியை ஐந்து வேலை நாளாக நீட்டின. ஆனால் அதே மாதம் 23-ந் தேதி அவை நிறுத்தி வைக்கப்பட்டமையால் பழைய விதிகளே மறுபடி நடைமுறைக்கு வந்தன.

இதற்கும் முன்னால், 1996-ஆம் வருஷத்துச் சட்டத் தொகுப்பில் பம்பாய் ஹைகோர்ட்டின் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. நோயாளியோ நெருங்கிய உறவினரோ கேட்டால் ஆஸ்பத்திரி நகல் கொடுத்தே தீரவேண்டும் என்றும், அதற்கு வேண்டிய செலவை வாங்கிக்கொள்வது நியாயமே என்றும் அது சொல்லிற்று. தேசிய மனித உரிமைக் கமிஷன் தயாரித்து, 2018-ல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட நோயாளிகள் உரிமைச் சாசன வரைவும் இதையே சொல்லுகிறது: படுக்கையில் இருக்கும்போது கூடுமானால் 24 மணிக்குள், வீடு திரும்பிய பின் 72 மணிக்குள், தகுந்த நகல் கட்டணம் வாங்கிக்கொள்ளலாம், அல்லது நோயாளியே தம் செலவில் நகல் எடுத்துக்கொள்ள விடலாம்.

"வேண்டிய செலவு", "தகுந்த கட்டணம்" என்ற வார்த்தைகளை வாசகர்கள் கவனிக்க வேண்டும். 72 மணி என்று காலத்தை அளந்து வைத்த விதி, ரூபாயை அளந்து வைக்கவில்லை. மூவாயிரம் புகுந்தது அந்த இடைவெளியில்தான்.

சர்க்கார் ஆஸ்பத்திரியானால் வேறு வழியும் உண்டு. 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் மனுக் கட்டணத்தோடு கேட்கலாம். நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். சாதாரணமாக முப்பது நாளைக்குள் பதில் வரவேண்டும். உயிரைப் பற்றிய விஷயமானால் 48 மணிக்குள். தென்காசி சர்க்கார் தலைமை ஆஸ்பத்திரியானாலும், திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியானாலும் இதுவே முறை. தனியார் ஆஸ்பத்திரிகளிடம் அந்தச் சட்டத்தை நேராகச் செலுத்த முடியாது. அங்கே 2002-ஆம் வருஷத்து விதிதான் நமக்குத் துணை.

விடைத்தாள் உவமையை இன்னும் கொஞ்சம் நீட்ட அனுமதிக்க வேண்டும். ஏனெனில் இதே வழக்கு எங்கள் தொழிலிலும் நடந்திருக்கிறது. பரீட்சை எழுதியவன் திருத்திய விடைத்தாளைப் பார்க்கவும் நகல் பெறவும் உரிமை உடையவன் என்று 2011 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. அதற்கு முன் எத்தனை பலமான ஆட்சேபங்கள்! ரகசியம் போய்விடும், திருத்தியவருக்கு ஆபத்து, லட்சக்கணக்கானோர் வந்து நிற்பார்கள் என்றெல்லாம் சொல்லப்பட்டன. உரிமை நிச்சயமான பிறகு சண்டை விலைக்கு மாறிற்று. கம்பெனி செக்ரட்டரி பரீட்சை நடத்தும் இன்ஸ்டிடியூட் ஒரு விடைத்தாள் நகலுக்கு 500 ரூபாய் வைத்திருந்தது. தகவல் உரிமைச் சட்டப்படி கேட்பவரிடம் அந்தச் சட்டத்தின் கட்டணம்தான் வாங்கலாம் என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டு முடிவு செய்தது. நம் மாகாணத்துப் பிளஸ் டூ பரீட்சையில் விடைத்தாள் நகலுக்குப் பாடம் ஒன்றுக்கு 275 ரூபாய் வாங்கி வந்திருக்கிறார்கள். அது அதிகமா குறைவா என்று வாதாடலாம். ஆனால் அந்த 275 பத்திரிகையில் அச்சாகிறது. கலெக்டர் மகனுக்கும் கூலிக்காரர் மகளுக்கும் அதே 275. வாதாடுவதற்காவது ஓர் எண் இருக்கிறதல்லவா?

ஆஸ்பத்திரிக்காரர்களின் பக்கத்து நியாயத்தையும் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை ஒருதலைப்பட்சமாகிவிடும். ஆயிரக்கணக்கான கட்டுகளைக் கரையானும் ஈரமும் தீயும் அண்டாமல் காப்பது எளிதன்று. அதற்கு அறை வேண்டும், ஆள் வேண்டும். கேட்டு வருகிறவர் உண்மையில் நோயாளியின் ஆள்தானா என்று பார்த்துக் கொடுப்பது அவர்கள் கடமை. ஒருவருடைய நோயின் விவரம் பகையாளி கையிலோ பெண் பார்க்க வந்தவர் கையிலோ போய்ச் சேரக்கூடாது. இவற்றுக்குச் செலவு உண்டு. நகல் கேட்கிறவர் எல்லாம் வழக்குப் போடத்தான் வருகிறார் என்ற பயமும் சில இடங்களில் இருக்கிறது. 1995-ல் சுப்ரீம் கோர்ட்டு வைத்தியத்தையும் நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்த பிறகு அந்தப் பயம் அதிகமாயிற்று என்பதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் பயத்துக்குப் பரிகாரம் விலையை உயர்த்துவதாக இருக்க முடியாது. ஒழுங்காக எழுதிய கேஸ் ஷீட் ஒழுங்காக வைத்தியம் செய்த டாக்டருக்கே முதல் சாட்சி. மேலும், கட்டுகளைக் காக்கும் செலவு வைத்தியச் செலவின் ஒரு பகுதி. படுக்கைக் கட்டணத்தில் அது ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. நகல் கேட்கும்போது வாங்க வேண்டியது நகலின் செலவு மாத்திரமே.

மற்ற நாடுகள் இந்த முடிவுக்கு வந்திருக்கின்றன. காகிதம் டாக்டருடையதாக இருக்கலாம், அதில் உள்ள விவரத்தைப் பெறும் உரிமை நோயாளிக்கு உண்டு என்று 1992-ல் கானடா சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. அமெரிக்காவில் நகல் எடுக்கும் உழைப்பு, காகிதம், தபால் ஆகிய நியாயமான செலவைத்தான் நோயாளியிடம் வாங்கலாம். கட்டைத் தேடி எடுத்ததற்கென்று தனியாக வாங்கக்கூடாது. இங்கிலாந்தில் காகிதக் குறிப்புகளுக்கு 50 பவுன் வரை வாங்க இடமிருந்தது. 2018 மே 25 முதல் முதல் நகல் பொதுவாக இலவசம். ஜெர்மனியில் ஒரு பல் நோயாளி தம்முடைய குறிப்புகளைக் கேட்டார். செலவை அவரே ஏற்கவேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் இருந்தது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 2023 அக்டோபர் 26-ல் முடிவாயிற்று. முதல் நகல் இலவசம். எதற்காகக் கேட்கிறார் என்ற காரணத்தையும் அவர் சொல்ல வேண்டியதில்லை.

நம் தேசத்தில் நாளைக்கே எல்லாம் இலவசமாக வேண்டும் என்று நாம் வற்புறுத்தவில்லை. நாம் வேண்டுவது மிகச் சிறிய சீர்திருத்தம். ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும், டாக்டரைப் பார்க்கும் கட்டணம் எழுதியிருக்கும் அதே பலகையில், "கேஸ் ஷீட் நகல்: பக்கத்துக்கு இவ்வளவு, 72 மணி நேரத்துக்குள்" என்று ஒரு வரி எழுதப்பட வேண்டும். அந்த வரிக்கு ஓர் உச்சவரம்பை சர்க்கார் நிர்ணயிக்க வேண்டும். நம் மாகாணத்தில் தனியார் ஆஸ்பத்திரிகளை ஒழுங்குபடுத்த 1997-ஆம் வருஷத்துச் சட்டமும் 2018-ஆம் வருஷத்து விதிகளும் இருக்கையில், இதற்கென்று புதிதாக ஒரு மாளிகை கட்டவேண்டிய அவசியமில்லை.

"இனி எல்லாம் கம்ப்யூட்டர்தானே, காகிதக் கவலை எதற்கு?" என்பாரும் உண்டு. 2021 செப்டம்பர் 27-ல் மத்திய சர்க்கார் தேசம் முழுவதற்குமாகத் தொடங்கிய திட்டத்தில் ஒவ்வொருவருக்கும் பதினான்கு இலக்க எண் ஒன்று கொடுக்கிறார்கள். குறிப்புகள் அதன்கீழ் சேரலாம். நல்ல முயற்சிதான். ஆனால் நர்ஸு அம்மாள் நடு இரவில் பேனாவால் எழுதும் வரி அந்த எண்ணின்கீழ் தானாகப் போய்ச் சேர்ந்துவிடாது. அதுவரைக்கும் ஜெராக்ஸ் யந்திரத்தைத்தான் நம்பவேண்டும்.

ஆகவே நம் வீடுகளில் உள்ளவர்களுக்குச் சில வார்த்தைகள். ஆஸ்பத்திரியிலிருந்து புறப்படும் அன்றே கேஸ் ஷீட் நகலுக்கு எழுத்தில் மனுக் கொடுங்கள். அன்று கட்டு மேஜைமேல் இருக்கும். ஒரு மாதம் போனால் பரண்மேல் ஏறிவிடும். மூன்று வருஷம் என்ற கெடுவை மறக்கவேண்டாம். நாம் சொன்ன அந்த அம்மாளின் நோய் இன்னும் ஓர் ஆறு மாதம் பிந்தித் திரும்பியிருந்தால், எழுபத்தோராம் பக்கம் இருந்திருக்குமோ இல்லையோ! மனுவின் இன்னொரு பிரதியில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். கட்டணம் கேட்டால் பக்கத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள். கட்டிய பணத்துக்கு ரசீது கேளுங்கள். சதைப் பரிசோதனை நடந்திருந்தால், கண்ணாடிச் சில்லையும் மெழுகுக் கட்டியையும் வேறு டாக்டரிடம் காட்டப் பெறமுடியுமா என்றும் விசாரியுங்கள்.

வாங்கி வந்த காகிதங்களை நிலப் பத்திரமும் ரேஷன் கார்டும் இருக்கும் அதே பெட்டியில், பெயரும் வருஷமும் எழுதி வையுங்கள். படிக்கத் தெரியாத அண்டை வீட்டார் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போனால், அவர்களுக்காக அந்த ஒரு பக்க மனுவை எழுதிக் கொடுங்கள். அதை எழுத கால் மணி நேரம்கூட ஆகாது.